அக்காவை உட்கார வைத்த நாள்

ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழிக்குள், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தபோதுதான் மெக்கானிக்குக்கு அக்காவின் கல்யாணச் செய்தி வந்து சேர்ந்தது. மெயின் சுவிட்சை அணைத்து, அந்த அறைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி, அடியில் இருக்கும் பெரிய ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தால் அக்கா. வேலை நேரத்தில் அக்கா கூப்பிடவே மாட்டாள். அவருக்கு மகள் பிறந்த அன்றுகூட, சாப்பாட்டு நேரம் வரட்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுத்தான் சொன்னவள்.

"தம்பி, வேலையா இருக்கியா?"

"சொல்லுக்கா. யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. பன்னெண்டாம் தேதி சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். பதிவு ஆபீஸ்ல. நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும். லீவு கிடைக்குமா?"

அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, "எதுக்கு?"

அக்கா, "கையெழுத்துப் போடத்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இத்தனைக்கும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கீழே அவரும் மனைவியும் மகளும், மாடி அறையில் அக்கா. அன்று காலையில்கூட ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்திருந்தார்கள். முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்குக் கூச்சம். ஐம்பத்தாறு வயதில் வந்த கூச்சம். அது புரிந்தபோது அவர் குழியிலிருந்து மேலே ஏறிவிட்டிருந்தார். ஈர பூட்ஸோடு படிக்கட்டில் உட்கார்ந்து, 'எதுக்கு' என்று கேட்ட தன் வாயை நொந்துகொண்டார்.

அம்மா போனபோது அவருக்கு நினைவு தெரியாத வயது. அப்பா போனபோது ஒன்பது. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது. அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு, அக்கா வீட்டை ஒருமுறை பெருக்கினாள். தம்பியைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகணும், நான் வேலைக்குப் போகணும் என்றாள். அடுத்த மாதமே கடைத்தெருவில் இருந்த கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். கண் பரிசோதித்த சீட்டோடு வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, முகத்தில் மாட்டிப் பார்த்து இது எடுப்பாக இல்லை, அதைப் பாருங்கள் என்று சொல்வது, பவர் எழுதி உள்ளே அனுப்புவது. முப்பத்தாறு வருஷம் அதே கடை, அதே கவுண்டர். அவள் சம்பளத்தில்தான் அவர் படித்தார், தொழில் படித்தார், லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார்.

அவர் கல்யாணத்தையும் அக்காதான் நடத்தினாள். இதே வீட்டில், இதே ஹாலில்தான் விருந்து. அந்த ஆல்பத்தில் எண்பத்து நாலு படங்கள். அதில் அக்கா இருக்கும் படம் ஒன்றே ஒன்று. அதிலும் முகம் கிடையாது. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை, அதன் முனையில் ஒரு தட்டு, தட்டில் ஆறு டீ கிளாஸ். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் வந்ததும் இது யார் கை என்று கேட்பார்கள். எங்கள் அக்கா கை என்று அவர் சொல்வார். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாளும் அது அவருக்கு உறுத்தியதில்லை. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது உறுத்தியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், கண்ணாடிக் கடை லென்ஸ் மாஸ்டர்தானே என்று கேட்டாள். ஒரு வருஷமாகவே அவளுக்குத் தெரியுமாம். அண்ணி தினமும் இருபது நிமிஷம் தாமதமாக வருவாளாம், ஆனால் முகத்தில் களைப்பே இருக்காதாம். மகளைக் கேட்டால், அத்தை மாடியில் ரேடியோவோடு சேர்ந்து பாட ஆரம்பித்ததிலிருந்தே தனக்குத் தெரியும் என்றாள் அவள்.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

"எட்டாவது மாடியில லிஃப்ட் லேசா உரசினா கீழ நின்னே கண்டுபிடிச்சிடுவீங்க. வீட்டுல நடக்கிறதுதான் உங்க காதுல ஏறாது" என்றாள் மனைவி.

அவர் மாடி ஏறிப் போனார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. தான் கேட்டது தப்பு என்று சொல்லத்தான் அவர் போயிருந்தார். ஆனால் அக்காவிடம் அந்த மாதிரியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு, "எத்தனை பேரைக் கூப்பிடலாம்?" என்றார்.

"எதுக்குக் கூப்பிடணும்?"

இப்போது அவள் கேட்கிறாள் 'எதுக்கு' என்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். வீட்டிலேயே ஒரு மத்தியான விருந்து வைப்போம், தெரிந்தவர்கள் நாற்பது பேர் வந்தால் போதும், மண்டபம் கிண்டபம் எதுவும் வேண்டாம் என்றார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் கலைந்தால் போதும் என்றாள்.

"இந்த வயசுல என்னடா விருந்து. நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கல்யாண வீட்டுக்கு அழவா வருவாங்க?"

அரைமணி நேரம் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். அன்றைக்கு முழுக்க அக்கா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. கையில் தட்டு, கரண்டி, துடைப்பம் எதுவும் இருக்கக் கூடாது. சரி சரி என்று தலையாட்டினாள். எதையாவது சொல்லி ஆளைக் கீழே அனுப்பினால் போதும் என்ற தலையாட்டல் அது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டை ஒழிக்க ஆரம்பித்தார். டேப்பை வைத்து ஹாலை அளந்தார். நாற்பது பேர் நிற்கலாம், உட்கார முடியாது. ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருந்த இரட்டைக் கதவுதான் இடைஞ்சல். கீல்களில் எண்ணெய் விட்டு, ஸ்குரூக்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, கதவுகளைத் தூக்கிப் பின்பக்கம் சாத்தினார். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. எதிர்வீட்டு டீச்சர் தன் பங்குக்கு எட்டு நாற்காலிகள் அனுப்பினாள். வேறு இரண்டு வீடுகளிலிருந்து பெஞ்சும் ஸ்டூலும் வந்தன. ஒன்றுக்கொன்று ஒட்டாத உயரம். பரீட்சை எழுத வந்த கூட்டம் மாதிரி அவை வரிசையாக நின்றன.

பதினொரு மணிக்கு லென்ஸ் மாஸ்டர் வந்து நின்றார். கூப்பிடாமலேயே வந்திருந்தார். அறுபது வயது, ஒல்லியான உடம்பு, முழுக்கை மடித்துவிட்ட வெளுத்த சட்டை. கட்டில் எடுக்க ஆள் வேண்டியிருக்கும் என்று அக்கா சொன்னதாகச் சொன்னார். மனைவியை இழந்து பதினேழு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது என்பது வரைக்கும் மெக்கானிக்குக்கு மனைவி மூலம் தெரியும். கடைக்குப் போகும்போதெல்லாம் ஆளைப் பார்த்தும் இருக்கிறார். பார்த்தது என்றால் பின்னறையில் ஒரு தலையும், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேல் குனிந்த முதுகும்தான்.

இப்போது அந்த ஆளோடு கட்டிலைத் தூக்க வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? மாஸ்டர் என்றால் கடைக்காரர் மாதிரி இருக்கிறது. சார் என்றால் ஆபீஸ் மாதிரி. முறைப்படி மாமா. பிறந்ததிலிருந்து அக்கா புருஷன் என்று யாரையும் மாமா போட்டுக் கூப்பிட்டுப் பழகாத நாக்கு, நாற்பத்தாறு வயதில் மக்கர் செய்தது. மகள் ஒரே நிமிஷத்தில் "மாமா, டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பனுக்குத்தான் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் "இந்தப் பக்கம் பிடிங்க", "பாத்து, படி இருக்கு", "மெதுவா" என்றே ஓட்டிவிட்டார்.

டீ குடிக்க உட்கார்ந்தபோது மாஸ்டரின் கையைக் கவனித்தார். விரல் நுனிகள் வழவழவென்று இருந்தன. முப்பது வருஷம் கண்ணாடியைத் தண்ணீரில் வைத்து உரசி உரசி ரேகையே தேய்ந்துவிட்டது என்றார் மாஸ்டர், ஏதோ சட்டை நைந்துவிட்டது என்கிற மாதிரி. பிறகு பேச்சு மெல்ல அக்கா பக்கம் திரும்பியது.

கவுண்டருக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு சோற்றுத் தட்டு நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் உண்டாம். அதன் வழியாக அக்கா பவர் சீட்டை நீட்டுவாள், இவர் வாங்கிக்கொள்வார். பதினைந்து வருஷம் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாதாம். ஒருநாள் வலது கண், இடது கண் எண்களுக்குக் கீழே, 'மழை வரும் போல, குடை இருக்கா' என்று எழுதி வந்ததாம். எந்த வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார் என்று தான் குழம்பிப் போனதாக மாஸ்டர் சொன்னார். அப்புறம்தான் பேச்சே ஆரம்பித்ததாம். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அக்கா வாடிக்கையாளர்களைப் போல நடித்துக் காட்டுவாளாம். எந்தக் கண்ணாடியை மாட்டினாலும் உதட்டைப் பிதுக்குகிறவர், எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிற கிழவர், எல்லாரையும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாராம்.

மெக்கானிக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டில் அக்கா யாரைப் போலவும் நடித்துக் காட்டியதில்லை. காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஏழு வரைக்கும், முப்பத்தாறு வருஷமாக, அவருக்குத் தெரியாத ஓர் அக்கா கடைத்தெருவில் இருந்திருக்கிறாள். அந்த அக்காவைப் பார்க்காமலேயே தான் வளர்ந்து பெரியவனாகிவிட்டோமே என்று இருந்தது அவருக்கு.

"நான் கேட்டு மூணு வருஷம் ஆகுது" என்றார் மாஸ்டர், கிளாஸைக் கீழே வைத்துக்கொண்டே. "தம்பி பொண்ணு காலேஜ் சேரட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. அது அவருக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அக்காவைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. இதே ஹாலில்தான் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தா. அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதும், மாப்பிள்ளையின் அம்மா தாழ்ந்த குரலில், பையனை எங்கேயாவது ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்றாள். இந்த அலமாரியை அந்த மூலையில் போட்டுவிடலாம் என்பது போலத்தான் சொன்னாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பையன் காதில் அது விழுந்தது. அவன் வாசலில் கிடந்த செருப்புகளில் மாப்பிள்ளையுடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டான். கிளம்பும்போது ஒரு கால் செருப்பைக் காணோம். தெரு முழுக்கத் தேடினார்கள். நாய் தூக்கியிருக்கும் என்றார்கள். கடைசியில் மாப்பிள்ளை அப்பாவின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வேறு யாரும் பெண் பார்க்க வரவும் இல்லை. முப்பத்து நாலு வருஷமாக அந்தச் செருப்பு அவர் மனசில் ஒரு மூலையில் கிடந்தது.

சனிக்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் மாஸ்டரின் பெருவிரல் தகராறு செய்தது. கருவியில் எத்தனை முறை அழுத்தினாலும் ரேகை விழவில்லை. துடைத்து வைத்தார்கள், நனைத்து வைத்தார்கள், எல்லா விரலையும் வைத்துப் பார்த்தார்கள். அலுவலர் பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே உற்றுப் பார்த்தாள். தேன் நிறப் புடவையில் பக்கத்தில் நின்ற அக்கா, "இவரு எந்தத் தப்பு பண்ணாலும் மாட்ட மாட்டாரு மேடம், நான்தான் பாத்துக்கணும்" என்றாள். அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடை அக்கா இவள்தான் போல. அலுவலர் தன் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்து கையெழுத்தே போதும் என்றாள். சாட்சி இடத்தில் மெக்கானிக் தன் பெயரை எழுதினார்.

பன்னிரண்டு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. கடை முதலாளி, கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர், தெருக்காரர்கள், அக்காவிடம் பரம்பரையாகக் கண்ணாடி வாங்கும் இரண்டு குடும்பங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாஸ்டர், இன்னொன்றில் அக்கா. வந்தவர்களிடமெல்லாம் பேசினாள், சிரித்தாள். ஆனால் இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்திருந்தன. விட்டால் எழுந்து ஓடிவிடும் உடம்பு அது.

அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று சமையலறையில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார் மெக்கானிக். உத்தரவு போடுவது சுலபம். சாப்பாடு எடுக்கும் நேரத்தில்தான் தெரிந்தது, அந்த வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அக்காவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பெரிய கரண்டிகளைக் காணோம். நாற்பது பேருக்கு டீ வடிகட்டும் பெரிய வடிகட்டியைக் காணோம். மனைவி பரண் வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டாள். டீச்சர் மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று மகள் கெஞ்சினாள். கூடவே கூடாது என்றார் அவர். சோற்றை ஒரு பீங்கான் தட்டால் அள்ளிப் போட்டார்கள். குழம்பை டீ கப்பால் ஊற்றினார்கள். முதல் பந்தி அப்படித்தான் நடந்தது. முதலாளிக்குக் குழம்பு கப்போடு போய்ச் சேர்ந்தது. அவர் அதுதான் முறை என்று நினைத்துக் குடித்தேவிட்டார்.

அப்போது ஹாலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வந்திருந்த ஒரு பெண்மணியின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தபடியே, நடுப்பேச்சில், "கீழ் அலமாரி, இடது பக்கம், பழைய காலண்டருக்குப் பின்னாடி" என்றாள்.

எல்லாம் அங்கேயேதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் படம் எடுத்தார்கள். மகள் ஸ்டூல் மேல் ஏறி நின்று கைபேசியில் எடுத்தாள். குடும்பமாக, தெருவாக, கடையாக, கம்பெனியாக. ஒவ்வொரு படத்திலும் அக்கா நடுவில் இருந்தாள். மூன்றாவது படத்தில் யாரோ கொடுத்த காலி டீ கிளாஸ் ஒன்று எப்படியோ அவள் கைக்கு வந்துவிட்டிருந்தது. தம்பி போய் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டாம் பந்திக்குச் சோற்றுப் பாத்திரம் இறக்க வேண்டியிருந்தது. கொதிக்கிற பாத்திரம், ஒரு பக்கத்துக் காதை மெக்கானிக் துணி போட்டுப் பிடித்திருந்தார். இன்னொரு பக்கம் பிடிக்க வந்த மனைவியின் துணி நழுவியது. ஹாலைப் பார்த்து அவர் போட்ட சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்டது.

"மாமா, சீக்கிரம், அந்தப் பக்கம் பிடிங்க."

கல்யாண மாப்பிள்ளை பாய்ந்து வந்து பிடித்தார். சூடு அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. பாத்திரத்தைப் பத்திரமாகத் தரையில் வைத்த பிறகுதான், தான் என்ன சொல்லிக் கூப்பிட்டோம் என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்தது. மாஸ்டர் நீராவியில் மூடிப்போன கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "வேற ஏதாவது இருக்கா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று மணி வாக்கில் கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. அக்கா கை கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். கை கழுவப் போனவள் அங்கே குவிந்திருந்த தட்டுகளைப் பார்த்து நின்றுவிடுவாள் என்று தம்பிக்குத் தெரியும். பின்னாலேயே போனார். நினைத்த மாதிரியே புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"தொடாதக்கா."

"ரெண்டே ரெண்டு தட்டு."

"தொடாத. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் குரலைக் கேட்டு அவள் திரும்பினாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், கழற்றி வைத்த கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பெண் பார்க்க வந்தார்களே என்றார். மாப்பிள்ளை செருப்புக் காணாமல் போனதே என்றார்.

"அதை நான்தான் தூக்கிப் போட்டேன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

"என்ன தெரியும்?"

"பிரவுன் கலர், வலது கால், குதிகால் ஒரு பக்கமா தேஞ்சிருக்கும். அவங்க தெருவுல தேடிக்கிட்டிருக்கும்போதே பாத்துட்டேன், சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்துச்சு. சாயங்காலம் போய் எடுத்தேன். ஒரு வாரம் அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சிருந்துட்டு, பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்."

வலது கால்தான். அவருக்கு நன்றாக நினைவு இருந்தது. "திருப்பிக் குடுத்திருக்கலாமேக்கா" என்றார்.

"குடுத்தா திரும்ப வந்திருப்பாங்களேடா."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள். அந்த ஆள் வந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தன் முகத்தைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்கு டீ கொடுத்த மாதிரி இருந்தது என்றாள். அந்தம்மா ஹாஸ்டல் என்று சொன்னது தன் காதிலும் விழுந்ததாம்.

"அதுவும் ஒரு காரணம்னே வெச்சுக்க. ஆனா முழுக் காரணமும் நீதான்னு நெனச்சுக்காத. அவ்வளவு பெரிய ஆளா நீ?"

"அப்ப இத்தனை வருஷம் எதுக்குக்கா காத்திருந்தே?"

"யாரு காத்திருந்தா? வேலையா இருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவின் கீலை நோண்டினார். அக்கா ஈரக் கையால் அவர் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள், சின்ன வயசில் தலைக்கு எண்ணெய் வைத்து முடித்ததும் தட்டுவாளே, அதே மாதிரி. உள்ளேயிருந்து யாரோ மணப்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் செருகிய தலைப்பை எடுத்துவிட்டுக்கொண்டு போனாள். அவர் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். அறுபத்து மூன்று தட்டுகள். நாற்பது பேரைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

நாலரை மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். மாஸ்டர் வீடு மூன்று தெரு தள்ளித்தான். வண்டி எதற்கு, நடந்தே போகலாம் என்றாள் அக்கா. ஒரு பெட்டி, ஒரு துணி மூட்டை, ரேடியோ. தெரு முனை வரைக்கும் மெக்கானிக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனார். மகள் ரேடியோவை எடுத்துக்கொண்டாள். தண்ணீர் மோட்டாரை ஆறு மணிக்குப் போட வேண்டும், பால் பாக்கெட் பையை வெளியே மாட்ட வேண்டும், மாடிக் கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கித்தான் போட வேண்டும் என்று முனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள் அக்கா. முனையில் நின்று, "நீ போ, கதவை மாட்டணும்ல" என்றாள். அவர் பெட்டியை மாஸ்டர் கையில் கொடுத்தார்.

கதவை அன்றைக்கே மாட்டவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. வீடு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லி அக்கா சொல்லி அனுப்பினாள். மூன்று பேரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, பழம் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று தெருதான், ஆனால் மெக்கானிக் தலையை இரண்டு முறை சீவிக்கொண்டார். வழியில் மனைவியிடம் ஒரு விஷயம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் லீவு முடிந்து வரும் பையன்களில் பாதிப் பேர், அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் என்பார்கள். அங்கே இது சாப்பிட்டேன், அது பார்த்தேன், மாமா சைக்கிளில் கூட்டிப் போனார் என்று அளப்பார்கள். நீ எங்கே போனாய் என்று கேட்டால் இவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அக்கா இருக்கிற வீடே இவர் வீடாக இருந்தது. அப்போது அது ஒரு பெரிய குறையாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து அக்காவோடு சண்டைகூடப் போட்டிருக்கிறார், நமக்கு மட்டும் ஏன் போக இடமில்லை என்று.

மாஸ்டர் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் இல்லாத கட்டடம். படியேறி, கதவுக்கு முன்னால் நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மணியை அழுத்தினார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அக்கா கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்றாள், வெளியாட்களிடம் சொல்வது போல. பிறகு அவளுக்கே அது வேடிக்கையாகப் பட்டிருக்க வேண்டும், "வாடா" என்றாள்.

திங்கட்கிழமை காலை, மெஷின் ரூமில் லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, நேற்று லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கூட வேலை செய்கிறவர் சும்மா கேட்டுவைத்தார்.

"அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் மெக்கானிக். அத்தோடு நிறுத்தவில்லை. என்ன சமையல், மாமா எந்தக் கடையில் பழம் வாங்குவார், அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியும் என்று, எண்ணெய்த் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார்.